போத்தனூரில் திறந்த கதவு

கோவை ஜங்ஷனில் இருந்து தெற்கே ஏழு கிலோமீட்டருக்குள் இருக்கிறது போத்தனூர். உக்கடத்தில் டவுன் பஸ் ஏறினால் சீக்கிரமே இறங்கிவிடலாம். ரயில்வே குடியிருப்பு, சிக்னல் பணிமனை, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வாழ்ந்த தெருக்கள் என்று ரயிலைச் சுற்றியே வளர்ந்த ஊர் இது. 1862-ல் சென்னையையும் மலபாரையும் இணைத்த ரயில் பாதை இந்த வழியாகத்தான் போனது. கோவை நகருக்குள் ரயில் வந்ததே அதற்குப் பதினோரு ஆண்டுகள் கழித்துத்தான்.

அதே பாதையில் 1921 நவம்பர் 19 இரவு ஒரு ரயில் வந்தது. அதன் கடைசிப் பகுதியில் 1711 என்ற எண் கொண்ட சரக்குப் பெட்டி. உள்ளே 100 கைதிகள்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் மலபாரில் மாப்பிளமார் கிளர்ச்சி வெடித்தது. ஆங்கில அரசுக்கும் ஜென்மிகளுக்கும் எதிராக எழுந்த கோபம் அது. சில இடங்களில் இந்துக்கள் மீதான வன்முறையாகவும் மாறியது. அரசு ராணுவச் சட்டத்தை அறிவித்தது. பிடிபட்டவர்களால் மலபாரின் சிறைகள் நிரம்பி வழிந்தன. அப்போது மலபாரும் கோவையும் பெல்லாரியும் ஒரே சென்னை மாகாணம். மிச்சமிருந்தவர்களை ரயிலில் வெளியூர்ச் சிறைகளுக்கு அனுப்பினார்கள்.

திரூரில் ஏற்றப்பட்ட 100 பேரும் போக வேண்டிய இடம் பெல்லாரி. கைதிகளுக்குப் பழகிய ஊர் அது. தென்னாப்பிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் வீரர்களையும், முதல் உலகப் போரில் பிடிபட்ட துருக்கி வீரர்களையும் ஆங்கிலேயர் அங்கேதான் முகாம் போட்டு வைத்திருந்தார்கள். வேறு நாட்டு ராணுவ வீரர் பிடிபட்டால் அவர் போர்க்கைதி. அவரை எப்படி நடத்த வேண்டும் என்று 1907-ம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை விதி வகுத்திருந்தது. மலபாரின் விவசாயி அரசரை எதிர்த்துப் போர் தொடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டாலும் அவர் போர்க்கைதி இல்லை, வெறும் குற்றவாளி. அவருக்கு அந்த விதி எதுவும் பொருந்தவில்லை.

ஆள் ஏறுவதற்கான பெட்டியே அல்ல அது. கதவை வெளியே இருந்து அடைத்துவிட்டார்கள். காற்று வர வேண்டிய சிறு துளைகளைப் பெயின்ட்டும் தூசியும் அடைத்திருந்தன. இதே மாதிரி மூடிய பெட்டிகளில் அதற்கு முன்பும் கைதிகள் அனுப்பப்பட்டிருந்ததால், யாருக்கும் அது புதிதாகத் தெரியவில்லை.

ஷொர்ணூரில் ரயில் நின்றது. இன்றைக்குப் பாலக்காடு ஜங்ஷன் என்று அழைக்கப்படும் ஒலவக்கோட்டிலும் நின்றது. கதவு திறக்கப்படவில்லை. வாளையாறு தாண்டி, சுமார் 140 கிலோமீட்டர் கடந்து, நள்ளிரவுக்குப் பிறகு போத்தனூர் வந்த பின்புதான் திறந்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் அப்போதே இறந்திருந்தார்கள். உயிர் இருந்தவர்களைக் கோவை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயும் சிலர் இறந்தார்கள். மொத்தம் 70 பேர் என்று ஒரு கணக்கு. 64, 67 என்று எழுதியவர்களும் உண்டு. பெரும்பாலோர் மாப்பிளமார், சிலர் இந்துக்கள். தாகம் தாங்காமல் உடம்பில் வழிந்த வியர்வையை நக்கியதாகவும், ஆணி கழன்ற ஓட்டையில் மூக்கை வைத்து மூச்சு விட்டதாகவும் பிழைத்தவர்கள் பின்னாளில் சொன்னார்கள்.

உடல்கள் அதே பாதையில் திரூருக்கே திரும்பின. கோரங்கத்துப் பள்ளிவாசலிலும் கோட்டுப் பள்ளிவாசலிலும் அடக்கம் நடந்தது. நேப் என்ற அதிகாரியின் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. காவலுக்கு வந்த சார்ஜென்ட் மீதும் ரயில்வே அதிகாரி ஒருவர் மீதும் வழக்கு நடந்தது. இருவருமே விடுதலை ஆனார்கள். கிளர்ச்சியின் தலைவர்களில் ஒருவரான ஆலி முசலியாருக்கோ 1922 பிப்ரவரி 17-ல் கோவை மத்திய சிறையில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. வ.உ.சி. செக்கிழுத்த அதே சிறை.

திரூரில் நகராட்சியின் டவுன் ஹால் ‘வேகன் ட்ராஜெடி’ நினைவு மண்டபமாக நிற்கிறது. அங்குள்ள ரயில் நிலையச் சுவரில் அந்தச் சம்பவத்தை ஓவியமாக வரைந்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் 2018 நவம்பரில் ரயில்வே அதை அழித்துவிட்டது. கிளர்ச்சியைச் சுதந்திரப் போர் என்பவர்களும் மதக் கலவரம் என்பவர்களும் இன்றும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். பெட்டிக்குள் காற்று இல்லை என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் வாதம் இல்லை.

கேரளாவில் இது திரூரின் கதை. ஆனால் கதவு திறந்தது கொங்கு மண்ணில். முதலில் அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் அன்றிரவு போத்தனூர் ஸ்டேஷனில் வேலையில் இருந்தவர்கள். பிழைத்தவர்களுக்கு முதல் மருந்து கொடுத்தது கோவை. மலபார் பக்கம் ரயிலில் போகிறவர்கள் போத்தனூரில் வண்டி நின்றால், ஜன்னலைத் திறந்துவைத்து ஒரு நிமிடம் வெளியே பாருங்கள்.