பூச்சிச் சந்தையில் தவளைக்காரர்கள்

எங்கள் கண்ணாடிப் பெட்டியில் பெரு நாட்டு மழைக்காட்டைச் சேர்ந்த நச்சு அம்புத் தவளைகள் வாழ்கின்றன. பெயர்தான் அச்சுறுத்தும், காட்டில் எறும்பு முதலானவற்றைத் தின்று சேரும் நஞ்சு, பெட்டியில் பிறந்து பழ ஈ தின்று வளர்பவற்றுக்கு இல்லை.

ரானிட்டோமேயா இமிட்டேட்டர் என்னும் இவ்வினத்தில் தந்தை தலைப்பிரட்டையை முதுகில் சுமந்துபோய் இலைக்கக்கத்து நீரில் விடும்; தாய் கருவுறாத முட்டையிட்டு அதற்கு ஊட்டும். அவ்விதம் வளர்ந்த மூன்று குஞ்சுகள் கரையேறிய வாரத்தில்தான் எங்கள் ஸ்பிரிங்டெயில் டப்பா பாழாயிற்று. மணலளவே உள்ள அந்த வெண்ணிறச் சிற்றுயிர்தான் குஞ்சு வாய்க்குப் பொருந்தும். பழ ஈகூட அப்போதைக்குப் பெரிது. ஐந்தாம் நாள் ஒன்று இறந்தது. பெற்றவை செய்ததில் பாதியும் நாங்கள் செய்யவில்லை.

அது அக்டோபர் மாதம். சனிக்கிழமையன்று லண்டனுக்கு மேற்கே கெம்ப்டன் பார்க் குதிரைப் பந்தயத் திடலுக்குப் போனோம். 1935இல் தோன்றிய அமெச்சூர் என்டமாலஜிஸ்ட்ஸ் சொசைட்டியின் ஆண்டுக் கண்காட்சி. ஊசி குத்திய பட்டாம்பூச்சிகள், டரான்டுலாக்கள், இலைப்பூச்சிகள். தவளைக்காக வந்திருக்கிறோம் என்று சொல்லக் கூச்சமாயிருந்தது.

ஒரு மேசையில் கரித்துண்டுகளில் ஸ்பிரிங்டெயில்கள் மொய்த்த டப்பாக்கள். "ஒன்று போதாது, மூன்றாக வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று போனாலும் மற்றவை நிற்கும்" என்றார் விற்றவர். நீர் ஊற்றினால் அவை மிதக்கும், அப்படியே பெட்டியில் சாய்த்துவிடலாம் என்று செய்தும் காட்டினார். எங்களுக்கு அவை இரை; அவருக்கோ வளர்ப்புயிர்கள். எதைத் தின்னும், எவ்வளவு ஈரம் வேண்டும் என்று அரைமணி நேரம் பேசினார். தவளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் காலை பெட்டியின் விளக்கைப் போட்டுச் சாய்த்தோம். எஞ்சிய இரண்டில் ஒன்று உடனே தின்றது. மற்றது மாலைவரை காக்கவைத்தது.