மணற்குன்றின் அடியில் ஓரிரவு

'அல்அஹ்காஃப்' என்பது திருமறையின் 46ஆம் அத்தியாயத்தின் பெயர். காற்றால் வளைந்து நீண்டு கிடக்கும் மணற்குன்றுகள் என்பது அதன் பொருள், ஒருமையில் 'ஹிக்ஃப்'. ஹூத் நபி (அலை) அவர்கள் ஆது கூட்டத்தாரை எச்சரித்த நிலம் அது. முப்பது ஆண்டுகளாக இச்சொல்லுக்கு நாம் பொருள் சொல்லி வருகிறோம். பள்ளிபாளையத்துப் பிள்ளைகள் அறிந்ததோ காவிரி மணல் ஒன்றே. "மணல் எப்படி ஹஜ்ரத் வளையும்?" என்று சிறுவனொருவன் கேட்டபோது, கரும்பலகையில் பிறையொன்றை வரைந்து காட்டி அமைந்தோம். நாமும் கண்டதில்லை என்பதை அவனிடம் சொல்லவில்லை.

ஜவுளி வணிகத்தின் பொருட்டு இராஜஸ்தானத்துப் பாலோத்ராவுக்குச் சென்று வரும் நம் மருமகன், "மாமு, இம்முறை நீங்களும் வாருங்கள்" என்று சென்ற மார்கழியில் அழைத்தார். அவருடைய அலுவல் முடிந்ததும் ஜெய்சல்மேர் சென்று, அங்கிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள குரி என்னும் சிற்றூரை அடைந்தோம்.

3162 சதுரக் கிலோமீட்டர் பரப்பில் 1980ஆம் ஆண்டு காக்கப்பட்ட நிலமாக அறிவிக்கப்பட்டது அங்குள்ள பாலைவனத் தேசியப் பூங்கா. கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் மணலே என்று எண்ணிச் சென்றோம். ஐந்தில் ஒரு பங்குதான் மணற்குன்று. எஞ்சியவை கல்லும் இறுகிய தரையும் புல்வெளியுமே. கேஜ்ரி என்று அவர்கள் போற்றும் மரம் நம் வன்னிதான் என அறிந்தபோது, அயலூரில் உறவினரைக் கண்டாற்போல் இருந்தது. கானமயிலைக் காணும் பேறு வாய்க்கவில்லை. பெரும்பாலும் ஒரு முறைக்கு ஒரே முட்டையிடும் அப்பறவை, முன்னோக்கிய பார்வை குன்றியதாதலால் மின்கம்பிகளில் மோதி மடிகிறது. அக்கம்பிகள் பற்றிய வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 2021இலும் 2024இலும் ஆணைகள் பிறந்தன. வழியெங்கும் கம்பிகளையே கண்டோம்.

மாலையில் குன்றேறினோம். ஒருபுறம் சாய்வு, மறுபுறம் செங்குத்து, முகட்டில் மணல் புகைபோல் பறந்து மறுபுறம் விழுந்துகொண்டிருந்தது. மணல் வளைவது இப்படித்தான்! அச்சிறுவன் இப்போது ஈரோட்டில் கடை வைத்திருக்கிறான்.

ஆடு மேய்க்கும் ஒரு முஸ்லிம் பெரியவரின் மண்வீட்டருகே கூடாரம் அமைத்துத் தங்கினோம். கடுங்குளிர். ஸுப்ஹுக்கு எழுந்ததும் வாசலில் இருந்த மண்குடத்திலிருந்து, ஆற்றங்கரைவாசியின் வழக்கப்படியே தாராளமாக உளூச் செய்தோம். கால்களை மும்முறைக்கு மேலும் கழுவினோம். மருமகனும் அவ்வாறே செய்தார். பெரியவர் ஒன்றும் கூறவில்லை. ஒரு சிறு கிண்ண நீரில் தம் உளூவை முடித்து நம் பின்னே நின்று தொழுதார். தொழுவித்தவர் நாம்!

விடிந்த பின்னரே, அவ்வீட்டு மருமகள் வெற்றுக் குடத்தைச் சுமந்து தொலைவிலுள்ள நிலத்தடித் தொட்டிக்குப் புறப்படக் கண்டோம். மழைநீரைச் சேர்த்து வைக்கும் தொட்டி அது. ஆண்டு முழுவதும் 200 மில்லிமீட்டர் மழை பெய்தாலே அங்கு நல்ல ஆண்டு. நாம் கவிழ்த்தது அக்குடும்பத்தின் அன்றைய குடிநீர். நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவு நீரில், அதாவது இரு கையள்ளும் நீரில், உளூச் செய்தார்கள் என்று எத்தனை முறை பாடம் நடத்தியிருப்போம்!

குடிநீருக்குத் தட்டெனில் தயம்மும் ஆகும் என்பது சட்டம். லுஹருக்கு மணலில் கை வைத்தோம். உதறியதும் ஒரு துகளும் ஒட்டவில்லை. தூசி ஒட்ட வேண்டும் என்று ஷாஃபிஈ நூல்களும் வேண்டியதில்லை என்று ஹனஃபி நூல்களும் பேசும் வழக்கு, அன்றுதான் நம் உள்ளங்கையில் நின்றது.

புறப்படுமுன் மன்னிப்புக் கேட்டோம். பெரியவர் சிரித்தார், எங்கள் ஊரில் நீர் எப்படி என்று வினவினார். ஊரை ஒட்டியே பெரிய ஆறு ஓடுகிறது என்றோம்.

"அதை அள்ளிக் குடிப்பீர்களா?"

சாயக்கழிவு கலப்பதால் அப்படியே அள்ளிக் குடிப்பதில்லை என்றோம். மருமகன் இந்தியில் சொன்னது விளங்கவில்லை போலும். அவர் மீண்டும் கேட்டார். மருமகன் நம் முகத்தைப் பார்த்துவிட்டு, அதையே மீண்டும் சொன்னார்.