கேஷும் காசும்

"கேஷ்ங்கிற இங்கிலீஷ் வார்த்தையே நம்ம காசுதான்!" என்று பல வருஷமாகச் சொல்லித் திரிந்தவன் நான். பி.காம். படிப்பு, பேங்க் உத்தியோகம். யார் மறுத்துப் பேசுவார்கள்? :-)

போன மாசம் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் மளிகை வாங்கும்போது, கல்லாவில் இருந்த அண்ணாச்சியிடமும் எடுத்துவிட்டேன்.

"பின்ன! ராஜா காலத்துல இங்க காசுதானே சார். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபா. எங்க தாத்தா சொல்லுவாரு" என்றார். அதாவது ரூபாய்க்கு 448 காசு!

பக்கத்தில் நின்ற மகள் இதை அப்படியே பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிக்கு எழுதிவிட்டாள். எதற்கும் பார்த்துவிடுவோமே என்று அகராதியைப் புரட்டினால்... வேர்த்துவிட்டது.

ஆங்கிலத்தில் கேஷ் இரண்டு. நாம் தினமும் சொல்லும் கேஷுக்கு மூலம், பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்கள். பெட்டியின் பெயர் உள்ளே இருக்கும் பணத்துக்கு ஆகிவிட்டது. இன்னொரு கேஷ், கீழைநாடுகளின் சில்லறை நாணயம். அதுதான் நம் காசு, போர்ச்சுக்கீசியர் வழியாகப் போனது. நடுவில் ஓட்டை போட்ட சீன நாணயத்துக்கும் வெள்ளைக்காரர்கள் அந்தப் பெயரையே வைத்தார்கள். மதராஸில் கம்பெனிக் கணக்கே 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்றுதான் ஓடியது. இரண்டு வார்த்தைக்கும் எழுத்து ஒன்று, பிறப்பு வேறு.

மகளிடம் சொன்னேன். முகம் வாடிவிட்டது. "நீங்கதானேப்பா சொன்னீங்க?" வகுப்பில் 'பாண்டி' என்று கேலி செய்தவர்களுக்குப் பதிலாக இந்த ஒரு வார்த்தையை வைத்திருந்தாளாம். எனக்கு அதுவரை தெரியாது.

இருவரும் உட்கார்ந்து திருத்தி எழுதினோம். நாமும் 'படம் கல்லா கட்டிடுச்சு' என்கிறோம், பெட்டியைச் சொல்லிப் பணத்தைக் குறிக்கிறோம். இங்கிலீஷ்காரன் செய்ததும் அதேதான். கடைசி வரியை அவளே போட்டாள்: மலையாளத்திலும் பணத்துக்குக் 'காசு'தானே, அப்போது இது நம் எல்லாருடைய வார்த்தை.

பரிசு கிடைக்கவில்லை. கேலி குறைந்திருக்கிறது என்கிறாள்.

அண்ணாச்சியிடமும் போய்த் தப்பை ஒப்புக்கொண்டேன். கல்லாவைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "எங்கேருந்து வந்தா என்ன சார், உள்ள வந்தா சரி!"