பல் கட்ட முன் முரசைப் பாருங்கள்

எங்கள் ஊரில் கட்டுப்பல் கட்டிய மூத்தவர்களில் எத்தனை பேர் அதைப் போட்டுக்கொண்டு சாப்பிடுகிறார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். கலியாண வீட்டுக்குப் போகும்போது போடுவார்கள். அடையாள அட்டைப் படத்துக்குப் போடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் கழற்றித் தண்ணீர்க் கோப்பைக்குள் போட்டுவிட்டு, பாணைத் தேத்தண்ணீரில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். கேட்டால் "நோகுது மகன்" என்பார்கள். வயது போனால் அப்படித்தான் என்பது ஊர்ப் பேச்சு.

வயது மட்டும் காரணமல்ல. எங்கள் உம்மாவோடு ஆஸ்பத்திரிக்கு அலைந்த ஏழு மாதங்களில் நாங்கள் தெரிந்துகொண்டதை, மற்றக் குடும்பங்களுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறோம்.

உம்மாவுக்கு 71 வயது. சீனி வருத்தம் பல வருடமாக இருக்கிறது. முரசு வருத்தத்தில் பற்கள் ஒவ்வொன்றாக ஆடி, கடைசியில் எல்லாவற்றையும் கழற்ற வேண்டி வந்தது. மேல் செட் நன்றாகப் பிடித்துக்கொண்டது. கீழ் செட்தான் ஒரு நாளும் நிம்மதியாக இருந்ததில்லை. பல் கட்டிய இடத்துக்கு ஐந்தாறு தரம் கூட்டிப் போனோம். ஒவ்வொரு தரமும் செட்டை வாங்கி, நோகும் பக்கத்தைக் கொஞ்சம் அராவித் தந்தார்கள். "பழகப் பழகச் சரிவரும்" என்றார்கள். வாய்க்குள் விரலை வைத்து யாரும் தடவிப் பார்க்கவில்லை. இரண்டாவது செட்டும் கட்டினோம். அதுவும் அப்படியே.

சாப்பாடு குறைந்து உம்மா மெலிந்துபோனது எங்கள் கவலை. உம்மாவின் கவலை வேறு. அவர் முப்பது வருடங்களுக்கு மேலாக வீட்டு விறாந்தையில் அயல் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பவர். 'ஃபே' என்ற எழுத்துக்கு மேல் முன்பல்லின் நுனி கீழ் உதட்டில் பட வேண்டும். 'ஸே' என்ற எழுத்துக்கு நாக்கு நுனி மேல் முன்பல்லைத் தொட வேண்டும். கீழ் செட் நாக்கோடு சேர்ந்து எழும்பும்போது அவர் இரண்டையும் கழற்றி வைத்துவிடுவார். பல்லில்லாத வாயில் அந்த எழுத்துகள் வெறும் காற்றாகப் போகும். "பிழையா ஓதிக் காட்டுறத விட ஓதிக்குடுக்காம இருக்கிறது நல்லம்" என்று சொல்லி ஒரு நாள் பாயைச் சுருட்டி வைத்துவிட்டார்.

அதன் பிறகுதான் அரச வைத்தியசாலையின் பல் கிளினிக்குக்குப் போனோம். அங்கே இருந்த டொக்டர் இளம் வயதுப் பெண். செட்டைப் பார்க்க முன் உம்மாவின் கீழ் முரசை விரலால் மெதுவாக அமர்த்திக்கொண்டே போனார். ஓர் இடத்தில் உம்மா துள்ளினார்.

"உம்மா, பல்லுல பிழையில்ல. பல்லு குந்தியிருக்கிற இடத்துலதான் பிழை."

முரசுக்குக் கீழே எலும்பின் மேல் விளிம்பு கத்தி முனை போல் கூராகியிருந்தது. அதோடு நாக்குக்குக் கீழே, உள்பக்கமாக, இரண்டு கரையிலும் பாக்களவில் எலும்புப் புடைப்பு. புற்றுநோய் இல்லை, பலருக்கு இருப்பதுதான், பல் இருக்கும்வரை தொந்தரவே தராது என்றார் டொக்டர். கட்டுப்பல் வைத்தால்தான் அது வில்லங்கம். மெல்லிய முரசு, மேலே கட்டுப்பல்லுக்கும் கீழே கூர் எலும்புக்கும் இடையில், அம்மிக்கும் குழவிக்கும் நடுவில் அகப்பட்டது போல் நசிபடுகிறது. செட்டை எத்தனை தரம் அராவினாலும் எலும்பின் கூர் போகாது.

எலும்பு ஏன் இப்படி ஆகிறது? தாடையில் பல்லைத் தாங்கும் பகுதி பல்லுக்காகவே இருக்கிறது. பல் போனதும் அது தேயத் தொடங்குகிறது. முதல் வருடத்தில்தான் தேய்வு அதிகம், பிறகு மெதுவாகத் தொடரும். பல வருடம் எக்ஸ்ரே எடுத்துத் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில், கீழ்த் தாடை மேல் தாடையைப் போல் சுமார் 4 மடங்கு தேய்வது தெரியவந்திருக்கிறது. மேல் செட்டுக்கு அண்ணம் முழுவதும் பிடிமானம். கீழ் செட்டுக்கு இருப்பது லாட வடிவில் ஒரு ஒடுங்கிய வரம்பு மட்டும், நடுவில் ஓயாமல் அசையும் நாக்கு. "கீழ் செட் நிக்குதில்ல" என்று ஊரெல்லாம் கேட்கும் முறைப்பாட்டுக்குக் காரணம் இதுதான்.

வீடு கட்ட முன் வளவை நிரவுகிறோமே, அதைப்போல் பல் கட்ட முன் தாடையைச் சீராக்கும் சத்திரசிகிச்சைகள் இருக்கின்றன. கூர் எலும்பை அராவி மழுப்புவது ஒன்று. புடைப்பை எடுப்பது ஒன்று. உதட்டையும் முரசையும் இணைக்கும் நார் மிக மேலே பிடித்திருந்தால், செட்டைத் தள்ளிவிடாமல் அதை விடுவிப்பது ஒன்று. தளர்ந்து ஆடும் முரசுச் சதையைக் குறைப்பது இன்னொன்று. எல்லோருக்கும் எல்லாம் தேவைப்படாது. வெட்டிய எலும்பு திரும்ப வளராது என்பதால், நல்ல டொக்டர் தேவைக்கு மேல் ஒரு துளியும் எடுக்க மாட்டார்.

எங்களை வாய், முக அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். முழுத் தாடையும் தெரியும் எக்ஸ்ரே ஒன்று எடுத்தார்கள். சீனி கட்டுக்குள் வரும்வரை ஒபரேசன் தள்ளிப் போனது. என்னென்ன மருந்து குடிக்கிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். இரத்தம் உறையாமல் இருக்கக் குடிக்கும் குளிசையைத் தாமாக நிறுத்தக்கூடாது, டொக்டர் சொன்னால் மட்டுமே. எலும்புத் தேய்வுக்கு அலென்ட்ரோனேட் போன்ற குளிசை குடிப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சிலருக்கு அதனால் தாடைப் புண் ஆறாமல் எலும்பு பழுதாகலாம். உதட்டுக்குப் போகும் நரம்பு பக்கத்தில் இருப்பதால் கொஞ்ச நாள் விறைப்பு இருக்கலாம் என்பதையும் முன்கூட்டியே சொன்னார்கள்.

"இந்த வயசில எலும்பு தாங்குமா மகள்?" என்று உம்மா கேட்டார்.

"தாங்கும் உம்மா. விறைப்பு ஊசி போட்டுத்தான் செய்வம்."

ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்தது. முரசை விலக்கி, கூரை மழுப்பி, புடைப்புகளை எடுத்துத் தைத்தார்கள். அன்றைக்குக் கன்னத்தில் வெளியே ஐஸ் வைத்தோம். ஆறிய கஞ்சிதான் சாப்பாடு. அடுத்த நாளிலிருந்து இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரால் மெதுவாகக் கொப்பளித்தார். பத்தாம் நாள் தையல் எடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து, முரசு நன்றாக ஆறிய பிறகுதான் புதுச் செட்டுக்கு அளவெடுத்தார்கள்.

இயற்கைப் பல் போல் ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டோம். புதுச் செட்டையும் இரண்டு தரம் திருத்த வேண்டியிருந்தது. ஆனாலும் இறைச்சியைச் சின்னத் துண்டாக்கினால் உம்மா மென்று சாப்பிடுகிறார். விறாந்தையில் இப்போது ஏழு பிள்ளைகள் ஓதுகிறார்கள்.

எலும்பில் பல் பதிக்கும் முறையைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். சுவீடனைச் சேர்ந்த பிரனெமார்க் என்ற ஆய்வாளர் 1950களில் முயலின் எலும்பைப் பற்றி ஆராய்ந்தபோது, அதில் வைத்த டைட்டேனியம் கருவி எலும்போடு ஒட்டிக் கழற்ற முடியாமல் போனதைக் கண்டார். 1965இல் முதல் நோயாளிக்கு டைட்டேனியம் ஆணி பதித்துப் பல் பொருத்தினார். பல்லே இல்லாத கீழ்த் தாடைக்கு இரண்டு ஆணி பதித்து அதில் செட்டைக் கொளுவுவதே முதல் தெரிவாக இருக்க வேண்டும் என்று 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் சொன்னார்கள். நல்ல முறைதான், ஆனால் செலவு பெரிது. ஆணி பிடிக்கப் போதிய எலும்பும் வேண்டும். எலும்பு குறைந்தவர்களுக்கு முதலில் எலும்பு ஒட்டிச் சில மாதம் காத்திருக்க வேண்டி வரலாம். புகைப்பவர்களுக்கும் சீனி கூடியவர்களுக்கும் தோல்விக்கான வாய்ப்பு அதிகம்.

வெற்றிலை போடுபவர்களுக்கு இன்னும் ஒன்று. பாக்குப் பழக்கத்தால் கன்னத்தின் உள்பக்கம் நார்போல் இறுகி வாய் திறபடாமல் போனால், அளவெடுக்கும் தட்டே உள்ளே போகாது. அது புற்றுநோய்க்கு முன்னோடியாகவும் மாறலாம். நம் நாட்டு ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். கட்டுப்பல் உரசிய புண் என்று நினைப்பது, செட்டைக் கழற்றி வைத்தும் இரண்டு மூன்று கிழமைக்குள் ஆறவில்லை என்றால், தயவுசெய்து தாமதிக்காமல் காட்டுங்கள்.

கடைசிப் பற்களைக் கழற்றப் போகும் மூத்தவர் வீட்டில் இருந்தால், கழற்றும்போதே எலும்பையும் சீராக்க வேண்டுமா என்று கேளுங்கள். பிறகு தனியாக ஒரு ஒபரேசன் மிச்சப்படலாம். ஏற்கனவே பல் இல்லாதவராக இருந்தால், அளவெடுக்க முன் முரசையும் எலும்பையும் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். செட் நோகிறது என்று அவர்கள் சொன்னால் நம்புங்கள். பக்கத்து அரச பல் கிளினிக்கில் துண்டு எடுத்துக் காட்டுங்கள். அங்கே முடியாவிட்டால் பெரிய வைத்தியசாலைக்குக் கடிதம் தருவார்கள். வரிசை நீளம்தான், காலையிலேயே போங்கள்.