குதிரைக்குத் தாகம் எடுக்கும்... சைக்கிளுக்கு எடுக்காது!

ஆஸ்திரேலியாவின் தெற்குக் கரையோரம் பரந்து கிடக்கிறது நல்லர்போர் சமவெளி. 'மரமில்லாதது' என்று பொருள்தரும் லத்தீன் சொற்களிலிருந்து வந்த பெயர். சுமார் இரண்டு லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் சுண்ணாம்புப் பாறை, புதர், வானம். இதைத் தவிர பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆறு என்று ஒன்றுகூட இல்லை. அபூர்வமாகப் பெய்யும் மழையையும் பாறை உறிஞ்சிவிடுகிறது.

இந்தச் சமவெளியின் தெற்கு ஓரமாகப் போகிறது எயர் நெடுஞ்சாலை. மேற்கே நார்ஸ்மேன், கிழக்கே செடுனா. இரண்டு ஊர்களுக்கும் நடுவில் சுமார் 1,200 கிலோமீட்டர். கார்க்காரர்களே யோசித்துக் கிளம்பும் இந்தப் பாதையில், ஆண்டுதோறும் சிலர் சைக்கிளில் போகிறார்கள். நாளொன்றுக்கு 80, 90 கிலோமீட்டர் மிதித்தால் இரண்டு வாரம் ஆகும்.

தந்திக் கம்பியே வழிகாட்டி

இதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர் ஆர்தர் ரிச்சர்ட்சன். 1890-களில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கூல்கார்டி பகுதியில் தங்கம் கிடைக்க, கூட்டம் அலைமோதியது. தண்ணீருக்கு மட்டும் கடும் பஞ்சம். குதிரை வைத்திருந்தால் அதற்கும் சேர்த்துத் தண்ணீர் தேட வேண்டும். சைக்கிளுக்குத் தீவனமும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். அதனால் கடிதம் கொண்டுபோகக்கூட சைக்கிள்தான்!

அந்தக் கூல்கார்டியிலிருந்து 1896 நவம்பரில் அடிலெய்டு நோக்கிக் கிளம்பினார் ரிச்சர்ட்சன். சாலை கிடையாது. தந்திக் கம்பி போன வழியே அவரும் போனார். கொளுத்தும் கோடையில், மணலிலும் கல்லிலும் உருட்டியும் மிதித்தும் 31 நாளில் போய்ச் சேர்ந்தார். நல்லர்போரை சைக்கிளில் கடந்த முதல் மனிதர் அவர்தான். 1899-ல் மீண்டும் கிளம்பி, எட்டே மாதத்தில் ஆஸ்திரேலியாவையே சைக்கிளில் சுற்றி வந்துவிட்டார்.

அவருக்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பே, 1841-ல் இந்த வழியாகப் போனவர் எட்வர்ட் ஜான் எயர். சாலைக்கு அவர் பெயர்தான். அவர் பிழைத்ததற்கு முக்கியக் காரணம், மணற்குன்றுகளில் எங்கே தோண்டினால் தண்ணீர் ஊறும் என்று அந்த மண்ணின் பூர்வகுடிகள் காட்டிக் கொடுத்ததுதான்.

மூன்று நீண்ட இடைவெளிகள்

இன்று முழுக்க தார்ச்சாலை. 1976-ல்தான் அந்த வேலை முடிந்தது. வழியில் ஊர் என்று சொல்ல அதிகம் இல்லை, ரோட்ஹவுஸ்கள்தான் இருக்கின்றன. பெட்ரோல், சாப்பாடு, படுக்கை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். ஆனால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கான தூரம்தான் சைக்கிள்காரர்களுக்குச் சோதனை. நார்ஸ்மேன் முதல் பல்லடோனியா வரை, பல்லடோனியா முதல் கைகுனா வரை, பார்டர் வில்லேஜ் முதல் நல்லர்போர் ரோட்ஹவுஸ் வரை என மூன்று இடைவெளிகள், ஒவ்வொன்றும் 180 கிலோமீட்டருக்கும் மேல். எதிர்க்காற்று பிடித்துக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு, மூன்று நாள்கூட ஆகும்.

வெயிலில் மிதிப்பவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் தேவைப்படலாம். அதனால் 12, 15 லிட்டர் சுமந்து போகிறவர்கள் உண்டு. தண்ணீர் மட்டுமே 15 கிலோ! சாலையோர ஓய்விடங்கள் சிலவற்றில் மழைநீர்த் தொட்டி இருக்கிறது. அது வறண்டும் கிடக்கலாம் என்பதால், அதை நம்பிக் கிளம்புவது ஆபத்து. ரோட்ஹவுஸ்களிலும் தண்ணீர் அரிய பொருள்தான். கேட்டு வாங்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை, பூமிக்கு அடியில் தண்ணீர் நிறையவே இருக்கிறது. காக்கிள்பிடி குகையில் நீருக்கடியில் ஆறு கிலோமீட்டருக்கும் மேல் போகலாம். ஆனால், அது உப்புக் கரிக்கும் நீர்.

வளைவே இல்லாத 146 கிலோமீட்டர்

பல்லடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் நடுவே சாலை 146.6 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு வளைவுகூட இல்லாமல் ஓடுகிறது. காரில் ஒன்றரை மணி நேரம். சைக்கிளில் ஒன்றரை நாள். காலையில் பார்த்த அதே காட்சிதான் மாலையிலும். கால் வலியைவிட, 'நகர்கிறோமா இல்லையா' என்ற சலிப்புதான் இங்கே பெரிய எதிரி.

அந்தச் சலிப்பைக் கலைக்க வருவது ரோட் ட்ரெயின். பல பெட்டிகளை இழுத்துக்கொண்டு வரும் ராட்சத லாரி. பின்னால் அது வருவது கண்ணாடியில் தெரிந்ததும், அனுபவசாலிகள் சாலையை விட்டு இறங்கி ஓரமாக நின்றுவிடுவார்கள். பொழுது சாயும் நேரத்தில் கங்காருக்கள் குறுக்கே பாயும் என்பதால், இருட்டுமுன்பே கூடாரம் போட்டுவிட வேண்டும்.

மதுரா என்றொரு இடம் வரும். பெயர் நமக்குப் பழக்கமானதாகத் தோன்றுகிறதா? பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துக்காக 19-ம் நூற்றாண்டில் குதிரை வளர்த்த இடம் இது. அதைத் தாண்டி யூக்லா வந்தால், 1877-ல் தொடங்கிய தந்தி நிலையம் மணலில் பாதி புதைந்து நிற்பதைப் பார்க்கலாம். அங்கிருந்து கிழக்கே, சமவெளி சட்டென்று முடிந்து கடலுக்குள் செங்குத்தாக இறங்கும் பண்டா பாறைகள். குளிர்காலத்தில் வருபவர்களுக்கு, குட்டியோடு நீந்தும் திமிங்கலங்களும் கண்ணில் படும்.

கிளம்புவோர் கவனத்துக்கு

* கோடையைத் (டிசம்பர் முதல் பிப்ரவரி வரை) தவிர்ப்பது நல்லது.
* பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது. செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் கருவி அவசியம்.
* மாநில எல்லையில் பழம், காய்கறி கொண்டுபோகத் தடை. கிழக்கே போகிறவர்களுக்குச் செடுனாவில் சோதனை. கையிருப்பை அதற்கு முன்பே தின்று தீர்த்துவிடலாம்.
* ஒவ்வொரு ரோட்ஹவுஸிலும், அடுத்து எங்கே போகிறீர்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

தண்ணீர் தீர்ந்துவிட்டால்? சாலையோரம் நின்று காலி பாட்டிலைத் தூக்கிக் காட்டுவதுதான் வழி. கேரவனில் ஊர் சுற்றும் முதியவர்களில் யாராவது வண்டியை நிறுத்துவார்கள். பாட்டில் நிரம்பும், சில நேரம் தேநீரும் பிஸ்கட்டும்கூடக் கிடைக்கும். எயர் காலத்திலிருந்து இன்றுவரை இந்தப் பாதையைத் தனியாக ஜெயித்தவர் என்று யாரும் இல்லை. யாரோ ஒருவர் தண்ணீர் காட்டியிருக்கிறார், அல்லது கொடுத்திருக்கிறார்.