அப்பாவோட நோட்டும் ஹேங் ஆன பொட்டியும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுட்டு இருந்த விஷயம். பாதி டெக்னிக்கல் மொக்கை, பாதி சொந்தக் கதை. லினக்ஸ் பக்கமே ஒதுங்காதவங்களும் தைரியமா படிக்கலாம் மக்களே, கடைசியில ஆப்பு எனக்குத்தான்.

ஊர்ல அப்பாகிட்ட ஒரு டெஸ்க்டாப் இருக்கு. 2012-ல பார்ட் பார்ட்டா வாங்கி நானே அசெம்பிள் பண்ணது. அம்மா கைப்பட எழுதி வச்ச பாட்டு நோட்டு ஒண்ணு வீட்ல இருக்கு. கும்மி, தாலாட்டு, நலங்குப் பாட்டு எல்லாம் அதுல. மை மங்கிட்டே வருது. அம்மா போனப்புறம் அதை டைப் பண்ணி வைக்கணும்னு அப்பாவுக்கு ஒரு வேகம். போன்ல பக்கத்தைப் போட்டோ எடுத்து, கம்ப்யூட்டர்ல ஏத்தி, திரையில ஒரு பக்கம் போட்டோ, இன்னொரு பக்கம் லிப்ரே ஆபீஸ்னு வச்சுக்கிட்டு தட்டுவார். எழுபது வயசுக்கு மேல தமிழ்99 கத்துக்கிட்டவர். தபால் ஆபீஸ்ல வேலை பார்த்த ஆளு, எதையும் ஒழுங்கா செய்யணும்.

2023 மாட்டுப் பொங்கல் அன்னிக்கு நான் ஒரு நல்ல காரியம் பண்ணேன். அதுல அப்போ விண்டோஸ் 7 ஓடிட்டு இருந்துச்சு. 2020 ஜனவரியோட அதுக்குப் பாதுகாப்பு அப்டேட் நின்னாச்சு. தூக்கிட்டு உபுண்டு 22.04 போட்டேன். 4 ஜிபி மெமரி பத்தாதேன்னு செகண்ட் ஹேண்ட்ல ஒரு 4 ஜிபி டிடிஆர்3 வாங்கிட்டுப் போய் அதையும் சொருகினேன். "பறக்குதுப்பா பாருங்க"ன்னு பெருமை வேற.

மூணாவது நாள் போன். "ஹேங் ஆயிடுச்சுடா."

அன்னிலேர்ந்து வாரத்துக்கு மூணு தடவையாவது இதே கதை. மவுஸ் அப்படியே நிக்கும், பாட்டு ஒரே சத்தத்துல இழுக்கும், கடிகாரம் நகராது. பட்டனை அழுத்திப் பிடிச்சு அணைக்குறதைத் தவிர வழியில்ல. லிப்ரே ஆபீஸ் இயல்பா பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் மீட்பு நகல் எடுத்து வைக்கும். அதனால ஒவ்வொரு தடவையும் நாலஞ்சு வரி போயிடும். ஒரு விரல்ல தட்டுற ஆளுக்கு நாலஞ்சு வரிங்கறது பெரிய விஷயம்.

நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "எதையாவது தப்பா அமுக்கிட்டீங்களாப்பா?" நாலாவது தடவையும் அதையேதான் கேட்டேன். மச்சான் வேற "பேசாம விண்டோஸே போட்டுடுங்க மாமா"ன்னு ஓதிட்டு இருந்தார். எனக்கு மானப் பிரச்சினை. சென்னையிலேர்ந்தே ரிமோட்டா உள்ள போய் ஆணி புடுங்க ஆரம்பிச்சேன். கெர்னலை மாத்தினேன். கிராபிக்ஸ் அமைப்பைத் தோண்டினேன். க்னோம் வேணாம்னு எக்ஸ்எஃப்சிஇ போட்டேன். வெப்பநிலை பார்த்தா 50 டிகிரிக்குள்ள. ஹார்டு டிஸ்க்கோட ஸ்மார்ட் ரிப்போர்ட்டும் சுத்தம். ஹேங் மட்டும் நிக்கல.

இங்க கொஞ்சம் டெக்னிக்கல். ஹேங்ல ரெண்டு ஜாதி உண்டு. மெமரி நிரம்பி, கம்ப்யூட்டர் டிஸ்க்கை ஸ்வாப்பா போட்டு உழப்பிட்டு இருந்தா, டிஸ்க் லைட் விடாம மினுக்கும், மவுஸ் விட்டு விட்டாவது நகரும். காத்திருந்தா திரும்பி வரும். இன்னொரு ஜாதில கேப்ஸ் லாக் அமுக்கினாக்கூட லைட் மாறாது. அப்போ கடைசி சோதனை, ஆல்ட்டையும் பிரிண்ட் ஸ்கிரீன் கீயையும் (அதுதான் சிஸ்ரெக்) பிடிச்சுக்கிட்டு எஸ், யு, பி-ன்னு ஒவ்வொண்ணா நிதானமா அமுக்கணும். எஸ்-னா டிஸ்க்ல எழுத வேண்டியதை எழுது, யு-னா டிஸ்க்கைப் படிக்க மட்டும்னு மாத்து, பி-னா ரீபூட். உபுண்டுவுல இந்த மூணுக்கும் இயல்பாவே அனுமதி உண்டு. டெஸ்க்டாப் மட்டும் செத்திருந்தா கெர்னல் இதைக் கேட்கும். அப்பா போனை ஸ்பீக்கர்ல வச்சுட்டு மூணு தடவை அமுக்கினார். ஒரு அசைவும் இல்ல. அப்போ கெர்னலே படுத்துடுச்சுன்னு அர்த்தம்.

போன பூட்டோட லாக்கை எடுத்துப் பார்த்தேன். வழக்கமான வரிகள் வந்துட்டே இருக்கு, டக்குனு முடிஞ்சுடுது. பிழைன்னு ஒரு வார்த்தை இல்ல. லாக் எழுத வேண்டிய ஆளே மயக்கம் போட்டுட்டா யாரு எழுதுவா?

மாசி மாசம் ஊருக்குப் போனேன். பொட்டி மேல துணி போட்டு மூடியிருந்துச்சு. பத்து நாளா அப்பா தொடவே இல்லையாம். "எனக்குக் கை பக்குவம் இல்லடா, நான் தொட்டாதான் நிக்குது. வேணாம் விடு"ன்னாரு. சுருக்குனு இருந்துச்சு. கேட்டுக் கேட்டு அவரை அப்படி நம்ப வச்சது நான்தானே?

அப்போதான் ஒரு பழைய டைரியை எடுத்து நீட்டினார். "நீ கேப்பியேன்னு குறிச்சு வச்சேன்." ஒவ்வொரு ஹேங்குக்கும் தேதி, நேரம், என்ன ஓடிட்டு இருந்துச்சு, எல்லாம் வரிசையா. வெறும் டைப் அடிச்ச நாள்ல 'நிற்கவில்லை'ன்னு அதையும் எழுதியிருக்கார்! போட்டோக்களும் பாட்டும் பிரவுசரும் சேர்ந்து ஓடின நாள்லதான் நின்னிருக்கு. முதல் பக்கம், முதல் வரி: '16-1. தம்பி புது மெமரி போட்டான்.'

கம்ப்யூட்டர் எழுதாத லாக்கை அப்பா எழுதி வச்சிருக்கார். ஒரே நாள்ல ஓ.எஸ்.ஸையும் மெமரியையும் மாத்திட்டு, ரெண்டு மாசமா ஓ.எஸ்.ஸை மட்டும் நோண்டிட்டு இருந்திருக்கேன். செகண்ட் ஹேண்ட் மெமரியை வாங்கினது நான்ங்கறதால சந்தேகமே அந்தப் பக்கம் போகல போல.

அன்னிக்கு ராத்திரி மெம்டெஸ்ட்86+-ஐ பென்டிரைவ்ல ஏத்தி ஓட விட்டேன். இதுவும் ஓப்பன் சோர்ஸ்தான். ஓ.எஸ். எதுவும் இல்லாம நேரா பூட் ஆகி, மெமரியோட ஒவ்வொரு இடத்துலயும் எழுதி, திரும்பப் படிச்சு ஒப்பிடும். முதல் சுத்து சுத்தமா முடிஞ்சது. 'அப்பாடா'ன்னு நிறுத்தியிருந்தா கதை கந்தல். விடிய விடிய ஓட விட்டுட்டுக் காலையில பார்த்தா திரையில வரிசையா சிவப்பு வரி. அடுத்து ஒரே ஸ்லாட்ல ஒவ்வொண்ணா போட்டுச் சோதிச்சேன். பழசுல பூஜ்யம் பிழை. நான் வாங்கிட்டு வந்ததுல திரும்பவும் சிவப்பு. அப்போ ஸ்லாட் நல்லாதான் இருக்கு, குச்சிதான் கோளாறு.

விஷயம் இவ்வளவுதான். மெமரியில ஏதோ ஒரு இடத்துல 1-ன்னு எழுதினா சில சமயம் 0-ன்னு திரும்பி வருது. அந்த இடத்துல ஒரு புரோகிராம் இருந்தா அது மட்டும் சாகும். கெர்னலோட சொந்தக் கணக்கு இருந்தா மொத்தமும் நிக்கும். கொஞ்சமா வேலை செய்யும்போது அந்த இடம் வரைக்கும் போகவே போகாது, அதான் வெறும் டைப் அடிச்ச நாள்ல தப்பிச்சிருக்கு. சர்வர்ல இருக்குற ஈசிசி மெமரி இந்த மாதிரி ஒத்தை பிட் பிழையைத் தானே திருத்திடும். நம்ம வீட்டு டெஸ்க்டாப்புக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது.

இதைவிடப் பெரிய பயம் அப்புறம்தான் வந்துச்சு. காப்பி பண்ற ஃபைலும் மெமரி வழியாத்தானே போகுது? அந்த ரெண்டு மாசத்துல ஏத்தின போட்டோ எல்லாத்தையும் திறந்து பார்த்தேன். நாலு கெட்டுப் போயிருந்துச்சு. மூணு, நோட்டுப் பக்கங்கள். நோட்டு கையில இருக்கு, திரும்ப எடுத்துக்கலாம். நாலாவது, அம்மா யாரோ வீட்டு வளைகாப்புல பாடிட்டு இருக்குற படம். பாதிக்குக் கீழ வெறும் சாம்பல் நிறம். போன்ல இடம் இல்லைன்னு அப்பா அதை அழிச்சிருந்தார். வேற பிரதி இல்ல.

"நீங்க ஒண்ணுமே தப்பா பண்ணலப்பா. நான் வாங்கிப் போட்ட மெமரிதான்"னு சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துட்டு இருந்தார். "முகம் தப்பிச்சுது, விடு"ன்னார். அப்புறம் மேல கிடந்த துணியை மடிச்சு வச்சுட்டு, 23-ம் பக்கத்தைத் திரும்பப் போட்டோ எடுக்கக் கிளம்பிட்டார்.

இப்போ நல்ல மெமரி போட்டாச்சு, ஒரு ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓட்டிப் பார்த்துட்டுத்தான். லிப்ரே ஆபீஸ் ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை மீட்பு நகல் எடுக்குது. போட்டோவை வெளி டிஸ்க்குக்கு எடுத்தப்புறம் ரெண்டு பக்கமும் செக்சம் ஒப்பிட்டுப் பார்க்காம எதையும் அழிக்குறதில்ல. அதுக்கப்புறம் ஒரு தடவைகூட ஹேங் ஆகல. பாட்டு நோட்டு பாதிக்கு மேல முடிஞ்சாச்சு.

பி.கு.: ஒரே நாள்ல ரெண்டு விஷயத்தை மாத்தாதீங்க. அப்படியே மாத்தினாலும், "எதை அமுக்குனீங்க"ன்னு கேக்குறதுக்கு முன்னாடி "நான் எதை மாத்தினேன்"னு கேட்டுக்குங்க.