பல் போனாலும் ஓதல் போகலாகாது



‘பல் போனால் சொல் போகும்’ என்பார்கள். மீஞ்சூருக்கு வடக்கே, பழவேற்காட்டு ஏரிக்கரையில் மூத்தோருக்குக் குர்ஆன் ஓதக் கற்பிக்கையில் இதன் பொருளைக் காண்கிறேன். ஸா, தால், ளா ஆகிய எழுத்துகள், நாநுனி மேல் முன்பற்களின் விளிம்பைத் தொட்டால்தான் செம்மையாகப் பிறக்கும். முன்பற்களை இழந்த பெரியவர் ஒருவர், கூச்சத்தால் உரக்க ஓதுவதையே விட்டுவிட்டார். சிரமத்துடன் ஓதுபவருக்கு இரு கூலிகள் உண்டு என்னும் நபிமொழியை அவருக்கு எடுத்துரைத்தேன்.

ஆயினும் மூப்பு மட்டுமே பற்களைப் பறிப்பதில்லை. பெரும்பாலும் ஈறு நோயும் சொத்தையுமே பறிக்கின்றன. ஈறு இறங்கினால், எனாமல் இல்லாத வேர்ப்பகுதி வெளிப்பட்டு எளிதில் சொத்தையாகும். இரத்த அழுத்த மாத்திரைகளுள் சில உமிழ்நீரைக் குறைப்பதாலும் சொத்தை பெருகும். பல்செட் அணிவோர் இரவில் அதைக் கழற்றித் துலக்கி, நீரில் இட்டு வைத்தல் வேண்டும்.

நபி (ஸல்) அவர்களின் இறுதி வேளையில், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மிஸ்வாக்கைத் தம் பற்களால் மென்று மிருதுவாக்கிக் கொடுத்த செய்தி புகாரியில் உள்ளது. நம் வீட்டு முதியோரின் நடுங்கும் கைகளுக்கும் அத்தகைய துணை தேவை. மிருதுவான பிரஷால் துலக்கிவிடுவதும், வலி வருமுன்பே பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் பெற்றோருக்கு நாம் செய்யும் பணிவிடையே ஆகும்.